என்டிஐ, எஸ்ஆர்டி, ஓபிஎஸ்: தோட்டத்து கோயில் லைவுக்கு இந்த செட்டப் தாங்குமா?

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ பக்கம் லைவ் பண்ற வீடியோகாரங்க யார பாத்தாலும் இப்ப ஒரே கேள்விதான், எல்லாத்தையும் ஒரே பொட்டியில போட்டு குடுக்குற கம்பெனி செட்ட வாங்குறதா, இல்ல என்டிஐ (பக்கத்துல உள்ள நெட்வர்க்ல படம் கடத்துற முறை), எஸ்ஆர்டி (இன்டர்நெட் வழியா படம் அனுப்புற முறை), ஓபிஎஸ் (கம்ப்யூட்டர்ல மிக்ஸ் பண்ற சாப்ட்வேர்)னு துண்டு துண்டா எடுத்து நம்மளே கோத்துக்கிறதான்னு. எங்க ஸ்டூடியோவுல ரெண்டையும் பாவிச்சாச்சு, இப்ப முழுசா ரெண்டாவது பக்கம் வந்தாச்சு, கேக்குற ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பி அனுப்பி தொண்டை போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடுறேன். தீர்ப்ப மொதல்லயே சொல்லிடுறேன்: நல்லாருக்கு, ஆனா லேசு கெடையாது. கேபிள் இழுக்க உடம்பு வணங்காதவங்க, ராத்திரி உக்காந்து செட்டிங் நோண்ட பொறுமை இல்லாதவங்க பழைய பொட்டியோடயே இருங்க, ஒரு சண்டையும் இல்ல.

எங்க வேலை என்னன்னு தெரிஞ்சாதான் மத்தது புரியும். தோட்டத்து மாரியம்மன் கோயில் தேரு, சாமத்திய வீடு, கல்யாணம், மாசி மாசம் காமன் கூத்து, சாவு வீடு, இவ்வளவுதான். பாக்குறவங்க யாருன்னா கட்டார்லயும் குவைத்லயும் வேல செய்ற புள்ளைங்க, கொழும்புல கடையில நிக்கிற பயலுக, அப்புறம் கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருக்குற சொந்தக்காரங்க. 1964ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 525,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு முடிவு பண்ணாங்களே, அதுல போன குடும்பங்க. அங்க இருந்துக்கிட்டு தாத்தா பாட்டி பொறந்த தோட்டத்து தேர பேரப்புள்ளைங்க போன்ல பாக்குதுங்க, பாத்துட்டு "அந்த மூணாம் நம்பர் லயத்த கொஞ்சம் காட்டுங்க அண்ணே"ன்னு எழுதுதுங்க. இவங்களுக்கு 4கே தேவையே இல்ல. படம் நிக்காம வரணும், நாதஸ்வரமும் தப்பு மேளமும் தெளிவா கேக்கணும். இந்த ரெண்டையும் வச்சுதான் நான் மார்க் போடுறேன், ஸ்பெக் ஷீட்ட வச்சு இல்ல.

மொதல்ல பழைய பொட்டி. பேரு சொல்ல மாட்டேன். நாலு எச்டிஎம்ஐ, அதுக்கே ஒரு வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர், அதுக்கே ஒரு ஆப், அதுக்கே ஒரு கிளவுட், மாசா மாசம் டாலர்ல காசு. ஓடுற வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு, அத மறைக்கக்கூடாது, சுவிட்ச போட்டா மூணு நிமிஷத்துல லைவ் போயிடும். வில்லங்கம் எங்க வந்துச்சுன்னா டிரான்ஸ்மிட்டர் ஒன்னு தேருக்கு முந்துன வாரம் செத்துருச்சு, அதே கம்பெனி டிரான்ஸ்மிட்டர் தவிர வேற எதையும் அந்த பொட்டி ஏத்துக்காது, கொழும்புல கேட்டா ஓடர் போட்டுதான் வரணும்னாங்க. கையில மூணு கேமரா இருக்கு, ஆளுக்கு ஒரு நல்ல போன் இருக்கு, ஒன்னையும் அதுக்குள்ள விட முடியல. அதுக்கப்புறம் ஒரே நேரத்துல ரெண்டு எடத்துக்கு லைவ் அனுப்புற வசதிய மேல்பட்ட பிளானுக்கு தூக்கிட்டாங்க. 2022ல டாலர் 200 ரூவாயில இருந்து 360க்கு எகிறுனப்ப மாச சந்தா கட்டுனவங்களுக்கு தெரியும், நம்ம தொழிலோட கடிவாளம் எவன் கையில இருந்துச்சுன்னு.

இந்த தலைவலி நமக்கு மட்டும்னு நெனச்சிராதீங்க, பெரிய டிவி ஸ்டேஷன்களும் இத பட்டுட்டுதான் வந்துருக்காங்க. 1982ல ரூபவாஹினி தொடங்குனப்ப பிதுருதலாகலை உச்சியில டிரான்ஸ்மிட்டர் வச்சாங்க, 2,524 மீட்டர், அங்கேருந்து ஊரு பூரா போகும். அந்த காலத்து ஸ்டேஷன்ல ஒவ்வொரு மிஷினும் ஒவ்வொரு வேலைக்குன்னே செஞ்சது, எடையில ஓடுறது ஒரு கேபிள்ல ஒரு சிக்னல், அதுவும் ஒரு பக்கமாதான். பொறவு ஸ்டூடியோவுல டிஜிட்டல் படம் கடத்துற எஸ்டிஐ கேபிள் வந்தும் அந்த கத மாறல. 2017ல எஸ்எம்பிடிஇ 2110ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் வந்துச்சு, படம், சத்தம், மத்த தகவல் எல்லாத்தையும் தனித்தனியா பிரிச்சு சாதாரண நெட்வர்க் கேபிள்லயே அனுப்பலாம்னு. ஆனா அதுக்கு நேரம் சரிபாக்குற கடிகாரம், பெரிய பெரிய சுவிட்சுன்னு கோடிக்கணக்குல காசு வேணும், எச்டி 60 பிரேம் ஒரு சிக்னல் மட்டும் சுருக்காம விட்டா 3 ஜிகாபிட் கிட்ட தின்னும். இப்ப ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அதுக்கும் மேல ஒரு படி போய், படம் எடுக்குறது, மிக்ஸ் பண்றது, எழுத்து போடுறது எல்லாத்தையும் தனித்தனி சாப்ட்வேர் சேவையா வச்சு, எந்த கம்பெனி சேவையும் எந்த கம்பெனி சேவையோடயும் பேசுற மாதிரி ஒரு அமைப்ப முன்வைக்கிறாங்க, டைனமிக் மீடியா பெசிலிட்டின்னு அதுக்கு பேரு. ஒரே கம்ப்யூட்டருக்குள்ள ஒரு சாப்ட்வேர் இன்னொன்னுக்கு படத்த நேரா கை மாத்துறதுக்கு எம்எக்ஸ்எல்னு திறந்த மூல (யாரும் எடுத்து பாவிக்கலாம், மாத்தலாம்) கோடும் எழுதிக்கிட்டு இருக்காங்க. நம்ம கைக்கு அது வர வேண்டிய அவசியம் இல்ல. ஆனா அந்த யோசனைய ஏழைக்கு ஏத்த மாதிரி செஞ்சா அதுதான் என்டிஐ, எஸ்ஆர்டி, ஓபிஎஸ்.

சரி, என்டிஐ. 2015ல நியூடெக் கம்பெனி கொண்டாந்தது, பொறவு விஸ்ஆர்டி அந்த கம்பெனியவே வாங்கிருச்சு. ஒரே நெட்வர்க்ல இருக்குற கேமரா, கம்ப்யூட்டர், போன் எல்லாம் ஒன்ன ஒன்னு தானா கண்டுபுடிச்சு படத்த குடுத்து வாங்கிக்கும். இலவசமா பாவிக்கலாம், ஆனா திறந்த மூலம் கெடையாது, சாவி ஒரு கம்பெனிகிட்ட இருக்கு, அது ஞாபகம் இருக்கட்டும். நாங்க கோயில் முன்னால ஒரு கேமரா, மண்டபத்துல ஒன்னு, பக்கத்து லயத்து இஸ்தோப்புல லெப்டாப் வச்சு மிக்ஸ் பண்றோம். முன்னாடி எச்டிஎம்ஐ இழுத்தா பதினஞ்சு மீட்டர் தாண்டுனா படம் மினுக்க ஆரம்பிச்சிரும். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரைக்கும் போகும், வெலையும் கம்மி, ஹட்டன் டவுன் கடையிலயே மீட்டர் கணக்குல வெட்டி குடுப்பாங்க. எல்லா கேமரா படமும் ஒரே நெட்வர்க் சுவிட்சுக்குள்ள (கேபிள்கள சேக்குற பொட்டி) வந்து லெப்டாப்புக்கு ஒரே கேபிள்ல எறங்குது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதுக்கு நல்ல மார்க் குடுக்கலாம்.

அதுல எங்க மாட்டும்னா சுவிட்சுலதான். முழு என்டிஐ எச்டி 60 பிரேமுக்கு 130 மெகாபிட் கிட்ட வேணும். கடையில மலிவா கெடக்குற 100 மெகாபிட் சுவிட்ச வாங்கிட்டு வந்து மாட்டுனா ஒரு கேமரா கூட ஒழுங்கா ஓடாது, ஆனா படம் வரும், வந்து வந்து திக்கும், நம்ம கேமராவ சந்தேகப்படுவோம், லெப்டாப்ப சந்தேகப்படுவோம், சுவிட்ச மட்டும் யாரும் பாக்க மாட்டோம். கிகாபிட்னு அட்டையில போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. அதே மாதிரி வைபைல முழு என்டிஐ விடவே விடாதீங்க, எச்எக்ஸ்னு சுருக்குன ஒன்னு இருக்கு, அது போனுக்கு ஓகே, அதுவும் ரவுட்டர் பக்கத்துல இருந்தா மட்டும். கோயில் கமிட்டி ஆளுக ஐம்பது பேரு அதே வைபை பாஸ்வர்ட கேட்டு வாங்கிட்டாங்கன்னா முடிஞ்சுது கத. எங்க ரவுட்டர் பேர "தோட்டம் ஸ்டோரு பிரிண்டர்"ன்னு மாத்தி வச்சிருக்கோம், இப்ப யாரும் பாஸ்வர்ட் கேக்குறதில்ல.

மலையில இன்னொரு பிரச்சினை இருக்கு, இத கொழும்பு ஆளுக யாரும் சொல்லித்தர மாட்டாங்க. ஏப்ரல்லயும் ஐப்பசியிலயும் பின்னேரமானா இடி. வெளிய எண்பது மீட்டர் செம்பு கேபிள் இழுத்து வச்சிருந்தா பக்கத்துல எங்கயோ விழுற இடி கூட அந்த வழியா வந்து சுவிட்சு போர்ட்ட சுட்டுட்டு போகும். அதனால கோயிலுக்கும் லயத்துக்கும் எடையில இருக்குற நீட்டு கேபிள மட்டும் பைபரா மாத்திட்டோம், ரெண்டு முனையிலயும் செம்பு சிக்னல பைபருக்கு மாத்துற சின்ன மீடியா கன்வேர்ட்டர். பைபர்ல கரண்ட் பாயாது, அந்த பக்கம் இடி விழுந்தாலும் இந்த பக்கம் லெப்டாப் தப்பிக்கும். ஒடச்சி மடக்காம சுத்தி வைக்கணும், பொடிப்பயலுக மிதிக்காம பாத்துக்கணும், வேற தொந்தரவு இல்ல.

இப்ப எஸ்ஆர்டி. இந்த ரிவ்யூவே இதுக்காகத்தான்னு வச்சுக்கங்களேன். ஹைவிஷன் கம்பெனி செஞ்சு 2017ல திறந்த மூலமா வெளிய விட்டது, அதனால எவனோட ஆப்பும் எவனோட சாப்ட்வேரோடயும் பேசும். இன்டர்நெட் மோசமா இருக்குற எடத்துல இருந்து படத்த கொண்டு வந்து சேக்குறதுதான் இதோட வேல, மோசமான இன்டர்நெட்டுக்கு நம்மகிட்ட பஞ்சமா என்ன. லைவ் அனுப்புற பழைய ஆர்டிஎம்பி முறையில ஒரு பக்கெட் (படத்தோட ஒரு சின்ன டேட்டா துண்டு) தொலைஞ்சா அது வந்து சேர்ற வரைக்கும் பின்னால உள்ளது எல்லாம் வரிசையில நிக்கும், படம் அப்படியே ஒறைஞ்சிரும். எஸ்ஆர்டி என்ன பண்ணும்னா நம்ம குடுத்த நேரத்துக்குள்ள தொலைஞ்சத மட்டும் திருப்பி கேக்கும், வந்தா சரி, நேரம் தாண்டிருச்சுன்னா விட்டுட்டு அடுத்தத பாக்கும். அந்த நேரத்துக்கு பேருதான் லேட்டன்சி. சும்மா விட்டா 120 மில்லிசெகண்டுல நிக்கும். அது ஆபீஸ் பைபருக்கு சரி, தோட்டத்து 4ஜிக்கு பத்தவே பத்தாது.

தேரு கோயில்ல இருந்து பொறப்பட்டு பெரட்டு களம் தாண்டி கீழ் லயத்துக்கு எறங்கும் போது கேபிள் கேமரா எதுவும் கூட போக முடியாது, அதனால ஒரு தம்பி போன ஆடாம புடிக்கிற கிம்பல்ல மாட்டிக்கிட்டு தேர் கூடவே நடப்பான், போன்ல லாரிக்ஸ் ஆப், அதுலேருந்து எஸ்ஆர்டி. மேல ரோட்டுல சிக்னல் நாலு கோடு. ஸ்டோரு வளைவு திரும்பி டர்பன்டைன் மரத்தோப்புக்குள்ள போனதும் ஒரு கோடு, ரவுண்டு டிரிப் நேரம் (சிக்னல் போய் திரும்புற நேரம்) 60 மில்லிசெகண்டுல இருந்து 400க்கு தாவும், பக்கெட் லாஸ் ஏறும். லேட்டன்சி 120ல இருந்தா அந்த எடத்துல அம்பாள் முகம் சதுரம் சதுரமா ஒடஞ்சு போகும், கமிட்டி தலைவர் போன தூக்கிக்கிட்டு ஓடி வருவாரு, "தம்பி குவைத்துல இருந்து மக கேக்குறா, படம் என்னமோ ஆகுதாம்"ன்னு. ரவுண்டு டிரிப் நேரத்த நாலால பெருக்கி வைக்கணும்ங்கிறது பொதுவா சொல்ற கணக்கு, நாங்க அதெல்லாம் பாக்குறதில்ல, நேரா 2 செகண்டுல வச்சிருவோம், ரொம்ப மோசமான தோட்டமா இருந்தா 3. கூடலூர்ல பாக்குறவங்களுக்கு தேரு மூணு செகண்டு பிந்தி வந்தா என்ன குடியா முழுகிரும்? அதே தோப்பு, அதே ஒரு கோடு, படம் கொஞ்சம் மங்கலாகும், ஆனா ஒடையல. நான் லெப்டாப்புல கிராப்ப பாத்துக்கிட்டே இருந்தேன், தொலைஞ்ச பக்கெட் நூத்துக்கணக்குல காட்டுது, திருப்பி வந்ததும் கிட்டத்தட்ட அதே அளவு. தலைவர் அன்னைக்கு ஓடி வரல, பிளேண்டிதான் வந்துச்சு.

இதுல ரெண்டு குழி இருக்கு, விழுந்துராதீங்க. ஓபிஎஸ்ல மீடியா சோர்ஸ் போட்டு எஸ்ஆர்டி முகவரி குடுக்கும் போது லேட்டன்சிய மைக்ரோசெகண்டுல எழுதணும், 2 செகண்டுக்கு 2000000. போன் ஆப்புல மில்லிசெகண்டு, அங்க 2000. ஓபிஎஸ்ல 2000ன்னு எழுதிட்டு எஸ்ஆர்டி குப்பைன்னு திட்டுற ஆளுக நெறைய. ரெண்டு பக்கமும் வேற வேற நம்பர் இருந்தா பெருசு எதுவோ அதுதான் எடுபடும், அதனால போன் பக்கம் சரியா வச்சாலே பாதி தப்பிச்சிரலாம்.

அடுத்தது, எஸ்ஆர்டில ஒருத்தன் கூப்புடுறவன், ஒருத்தன் காத்திருக்குறவன். நம்ம ஊரு மொபைல் சிம்முக்கு சொந்தமா வெளி முகவரி கெடையாது, நூறு பேருக்கு ஒரே முகவரிய பங்கு போட்டு குடுத்துருப்பாங்க, அதனால போனும் காத்திருக்க முடியாது, இஸ்தோப்புல டொங்கிள்ல ஓடுற லெப்டாப்பும் காத்திருக்க முடியாது. ரெண்டும் கூப்புட்டுக்கிட்டே இருக்கும், எடுக்க ஆளில்ல. எடையில ஒரு சேர்வர் வேணும். நாங்க சிங்கப்பூர்ல ஒரு சின்ன விபிஎஸ் (இன்டர்நெட்டுல வாடகைக்கு கெடைக்கிற சேர்வர்) எடுத்து மீடியாஎம்டிஎக்ஸ்னு ஒரு இலவச சாப்ட்வேர போட்டிருக்கோம், ஒரே ஒரு பைல், ஓட விட்டா போதும். போன் அதுக்குள்ள பப்ளிஷ் பண்ணும், ஓபிஎஸ் அதுலேருந்து ரீட் பண்ணும். எஸ்ஆர்டிய குடுத்து ஆர்டிஎம்பியா எடுக்கலாம், பிரவுசர்லயே பாக்கலாம், எந்த வாய் வழியா வந்தாலும் எந்த வாய் வழியாவும் வெளிய விடும். மாசம் அஞ்சாறு டாலர்ல இருந்தே விபிஎஸ் கெடைக்குது, மணி கணக்குல காசு புடிக்கிற எடமா பாத்து திருவிழா அன்னைக்கு மட்டும் ஓட்டலாம், ஆனா சேர்வர ஓப் பண்ணி வச்சா மட்டும் மீட்டர் நிக்காது பல எடத்துல, ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு அழிச்சாதான் நிக்கும், பில்ல பாத்து கவனமா இருங்க.

ரெண்டு சிம்ம சேத்து ஓட்டுறதுக்கும் வழி இருக்கு. ஒரு தோட்டத்துல ஒரு கம்பெனி சிக்னல் மேல் டிவிசன்ல நல்லா இருக்கும், இன்னொன்னு கீழ் டிவிசன்ல. எஸ்ஆர்டிஎல்ஏன்னு ஒரு முறை, எஸ்ஆர்டிய ரெண்டு மூணு லைன்ல பிரிச்சு அனுப்பி மறுபக்கம் சேத்து எடுக்கும், ஐபோன் இருந்தா மொப்ளின்னு ஒரு இலவச ஆப் இத பண்ணுது, சேர்வர் பக்கமும் அதுக்கு ஒரு ரிசீவர் போடணும். கம்பெனிகாரங்க இதே வேலய பேக்பேக் மாதிரி ஒன்னுல வச்சு லட்சக்கணக்குல விக்கிறாங்க. 2025 ஜூலைல ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்ததும் எல்லாரும் இனி கவலையே இல்லன்னாங்க, உண்மைதான், வானம் தெறந்து இருக்குற எடத்துல. நம்ம கோயில் பூரா அரச மரத்துக்கு கீழ இல்லன்னா பள்ளத்துல, டிஷ்ஷ எடுத்துக்கிட்டு மேல ரோட்டுக்குதான் போகணும். இருந்தாலும் எஸ்ஆர்டிக்கு அடியில அது ஓடுதா, 4ஜி ஓடுதா, எஸ்எல்டி பைபர் ஓடுதான்னு கவலையே கெடையாது பாருங்க, காலையில பைபர்ல தொடங்கி கரண்ட் போனதும் டொங்கிளுக்கு மாறி ஓட்டலாம். பழைய பொட்டியில இது நடக்காது.

மிக்ஸ் பண்ற எடத்துக்கு வந்தா, ஓபிஎஸ் இலவசம், 2012ல இருந்து இருக்கு, ஊர் உலகமே பாவிக்குது. குறைய சொல்லணும்னா ரீப்ளே, ஒரே நேரத்துல நாலு கேமராவையும் தனித்தனியா ரெக்கோர்ட் பண்றது இதெல்லாம் நேரா வராது, பிளகின் (கூட மாட்டுற சின்ன சாப்ட்வேர்) தேடணும், என்டிஐக்கே தனி பிளகின்தான், இப்ப அதுக்கு டிஸ்ட்ரோஏவின்னு பேரு. இதே மிக்ஸ் வேலைக்கு இன்னொரு சாப்ட்வேர் விமிக்ஸ், ஆஸ்திரேலியாகாரன் செஞ்சது, விண்டோஸ் மட்டும், என்டிஐயும் எஸ்ஆர்டியும் உள்ளயே இருக்கு, 60 நாள் சும்மா பாவிச்சு பாக்கலாம். பேசிக் எச்டி 60 டாலர், எச்டி 350 டாலர், ஒரு தடவ கட்டுனா போதும், டாலர் 300 ரூவான்னு வச்சா 18,000மும் 105,000மும் ஆகுது. கல்யாண சீசன்ல வாரா வாரம் வேல இருக்குறவங்க விமிக்ஸ் எடுங்க. மாசத்துக்கு ஒன்னு ரெண்டுன்னா ஓபிஎஸ் தாராளம். நாங்க ஓபிஎஸ்தான்.

அதுக்கு காரணம் காசு மட்டும் இல்ல. 2022ல வந்த 28வது பதிப்புல இருந்து ஓபிஎஸ்ஸ வெளியில இருந்து கட்டுப்படுத்துற வசதி உள்ளயே வந்துருச்சு. பேர் போடுற வேலய இப்ப பண்டாரவளையில வீட்டுல இருந்துக்கிட்டே ஒரு தங்கச்சி பண்றா. உபயகாரர் பேரு, பூச நேரம், மொய் எழுதுற வீட்டு பேரு எல்லாத்தையும் ஒரு ஷீட்ல தட்டுவா, இங்க ஓபிஎஸ்ல வெப் பக்கத்த காட்டுற பிரவுசர் சோர்ஸ்ல வந்து நிக்கும். முன்னாடி உபயகாரர் பேர தப்பா போட்டா அங்கயே பஞ்சாயத்து வச்சிருவாங்க, இப்ப கமிட்டி செயலாளரே அந்த ஷீட்ட பாத்து திருத்திக்கிறாரு, சண்டை அவங்களுக்குள்ள முடிஞ்சிருது. கோத்தகிரியில இருந்து ஒரு பெரியவர ரெண்டு வார்த்த பேச வைக்கணும்னா விடிஓ நின்ஜான்னு ஒரு இலவச சேவை, லிங்க் அனுப்புனா போதும், அவரு தொட்டதும் படம் ஓபிஎஸ்ல. அதுல ஒரு விஷயம், பேச்சுக்காக சத்தத்த சுத்தம் பண்ற வசதி தானா ஓன் ஆகி இருக்கும், அதுக்கு தப்பு மேள சத்தம் எரைச்சலா தெரியும், அப்படியே முழுங்கிரும். லிங்க் கடைசியில புரோஆடியோன்னு சேத்தா அந்த வடிகட்டல விட்டுரும். காமன் கூத்த போன்ல எடுத்து அனுப்புறவங்க எல்லாரும் இத ஒரு தடவ பாருங்க, தப்பு மேளம் இல்லாத காமன் கூத்த யாரு பாப்பா.

வெளிய விடுறது பத்தி சுருக்கமா. யூடியூப்புக்கு லைவ் மொத தடவ ஓன் பண்ணா 24 மணி நேரம் காத்திருக்கணும், தேரு அன்னைக்கு காலைல போய் நிக்காதீங்க. போன் ஆப்புல இருந்து நேரா போகணும்னா 50 சப்ஸ்கிரைபர் வேணும், ஓபிஎஸ்ல இருந்து போனா அது வேணாம். பேஸ்புக்ல 2025 பெப்ரவரியில இருந்து லைவ் வீடியோ 30 நாள்தான் நிக்கும், பொறவு அழிஞ்சிரும், சாமத்திய வீட்டுக்காரங்க அடுத்த வருஷம் வந்து லிங்க் வேல செய்யலையேன்னு நம்மகிட்டதான் கேப்பாங்க, அதனால லெப்டாப்புல எப்பவும் ஒரு ரெக்கோர்டிங் ஓடட்டும். சினிமா பாட்டு விஷயம் தெரிஞ்சதுதான், பந்தல்ல பாட்டு போட்டா அந்த எடத்துல சத்தத்த வெட்டிருவாங்க, சில நேரம் லைவையே நிப்பாட்டுவாங்க. எல்லாம் துண்டு துண்டா இருக்குறதால இங்க ஒரு தந்திரம் வேல செய்யும், ஸ்பீக்கர் சத்தம் வர்ற கேமரா மைக்க கொறச்சிட்டு ஐயர் மைக்க மட்டும் மிக்சர்ல இருந்து தனியா எடுத்து லைவுக்கு குடுத்தா பெரும்பாலும் தப்பிச்சிரலாம், ஆல்பத்துக்கு குடுக்குற ரெக்கோர்டிங்ல முழு சத்தமும் வேற டிராக்ல இருக்கும். டேட்டா கணக்கு கேக்குறவங்களுக்கு, 4 மெகாபிட்ல விட்டா மணிக்கு 1.8 ஜிபி, மூணு மணி நேர தேருக்கு 5.4, டேட்டா பேக்கேஜ் போடும் போது கொஞ்சம் கூடவே போடுங்க, எஸ்ஆர்டி தொலைஞ்சத திருப்பி அனுப்புறதுக்கும் டேட்டா தின்னும்.

குறைகள மறைக்காம சொல்லணும். ஏதாவது நின்னுருச்சுன்னா யார கேக்குறது? பொட்டி கம்பெனிக்கு ஒரு போன் நம்பராச்சும் இருந்துச்சு, எடுக்க நேரம் புடிச்சாலும் எடுத்தாங்க. இங்க கேமரா ஒருத்தன், சுவிட்சு ஒருத்தன், ஆப் ஒருத்தன், சேர்வர் ஒருத்தன், சிம் ஒருத்தன், எவனும் எவனுக்கும் பொறுப்பில்ல. அந்த பொறுப்பு பூரா நம்ம தலையிலதான். எங்க ஸ்டூடியோவுல எஸ்ஆர்டி முகவரி, போர்ட் நம்பர், பாஸ்வர்ட், லேட்டன்சி எல்லாத்தையும் ஒரு காட்போட் அட்டையில பெருசா எழுதி லெப்டாப் பேக்குல வச்சிருக்கோம், நான் இல்லாத அன்னைக்கும் தம்பி ஓட்டணும்ல. அதே மாதிரி ஒவ்வொரு வழியா வர்ற படத்துக்கும் ஒவ்வொரு தாமதம், கேபிள் கேமரா ஒடனே வரும், தேர் போன் ரெண்டு செகண்டு பிந்தி வரும். ரெண்டையும் மாத்தி மாத்தி காட்டும் போது தப்பு அடிக்கிறவர் கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகும். சத்தத்த எப்பவும் ஒரே எடத்துல இருந்து எடுத்து, தேர் போன காட்டும் போது போன் சத்தத்துக்கே மாறிடுறதுதான் நாங்க கண்ட வழி, முழு திருப்தி இல்ல. அப்டேட் இன்னொரு வம்பு, ஓபிஎஸ் புதுசானா பிளகின் பழசாகி நிக்கும், திருவிழா சீசன் முடியிற வரைக்கும் எதையும் அப்டேட் பண்ணாதீங்க, விண்டோஸ் எவ்வளவு கெஞ்சினாலும்.

இதெல்லாம் இருந்தும் நான் ஏன் பழைய பக்கம் போக மாட்டேன்னா, அதுக்கப்புறம் ஒரு கோயில்ல கேமரா ஒன்னு மழையில நனைஞ்சு படுத்துச்சு, பூச முடிஞ்சு தீர்த்தம் குடுக்குறதுக்குள்ள கமிட்டி பையன் ஒருத்தனோட போன்ல ஆப்ப எறக்கி, அதே முகவரிய தட்டி, அதே எடத்துல வச்சாச்சு. ஓபிஎஸ்ல ஒன்னையுமே மாத்தல, பேரு அதேதான், உள்ள வர்ற கண்ணு மட்டும் வேற. வெளிய பாத்துக்கிட்டு இருந்தவங்களுக்கு கலர் கொஞ்சம் மாறுனது தெரிஞ்சிருக்கலாம். எங்க மூணு கேமராவும் மூணு கம்பெனி, வாங்குன வருஷமும் வேற வேற, அடுத்தது எது மலிவா கெடைக்குதோ அதத்தான் வாங்குவோம். கொட்டகலையில இன்னொரு ஸ்டூடியோவும் இதே முறைக்கு வந்துட்டாங்க, இப்ப பெரிய திருவிழான்னா அவங்க கேமராவும் எங்க கேமராவும் ஒரே சுவிட்சுல, வாடகை பேசி பிரிச்சுக்கிறோம், கேபிள மாட்டுன ஒடனே பேரு லிஸ்ட்ல வந்துருது.

மார்க் கேட்டா எஸ்ஆர்டிக்கு பத்துக்கு ஒம்போது, ஓபிஎஸ்ஸுக்கு எட்டு, என்டிஐக்கு ஏழு, அதுவும் கேபிள்ல ஓட்டுனா மட்டும், வைபைல மூணு. புதுசா தொடங்குறவங்க எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்காதீங்க. இருக்குற லெப்டாப்புல ஓபிஎஸ், இருக்குற போன்ல எஸ்ஆர்டி, ஒரு சின்ன விபிஎஸ், இத வச்சு ஒரு சின்ன வேல பண்ணி பாருங்க, சாவு வீட்டுல மட்டும் பரிசோதிக்காதீங்க, அது திரும்ப எடுக்க முடியாத வேல. கை பழகுனதும் கிகாபிட் சுவிட்சும் கேபிளும், அதுக்கப்புறம் பைபர், கேமரா எல்லாம் கடைசியில. சின்ன யுபிஎஸ் ஒன்னுக்கு ரவுட்டரையும் சுவிட்சையும் மாட்டிருங்க, லெப்டாப்புக்கு பெட்டரி இருக்கு, அதுகளுக்கு இல்ல. நாவலப்பிட்டி, பதுளை பக்கம் யாராவது எஸ்ஆர்டிஎல்ஏவ ரெண்டு சிம்ல முழு தேரும் ஓட்டியிருந்தா எந்த ரிசீவர் போட்டீங்கன்னு சொல்லுங்க, பங்குனி உத்திரத்துக்கு முந்தி எங்களுக்கு அது ஒன்னு செட் பண்ண வேண்டி இருக்கு.